சிறுபாலத்தின் சாட்சிகள்

ஊராட்சியில் ஒரு சிறுபாலம் கட்டுகிறார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே குழாய் பதித்து, இரு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் போடும் சின்ன வேலைதான். ஆனால் அந்தப் பாலம் மண்ணில் எழுவதற்கு முன்பே தாளில் எழத் தொடங்கிவிடுகிறது. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம். பொறியாளர் போட்டுத் தரும் எஸ்டிமேட். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி. டெண்டர் அறிவிப்பு, வந்த டெண்டர்களை ஒப்பிட்டுப் போட்ட பட்டியல், வேலை உத்தரவு. வேலை நடக்க நடக்க நீளம், அகலம், ஆழம் குறிக்கப்படும் அளவீட்டுப் புத்தகம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது எம்-புக். அப்புறம் பில், வவுச்சர், ரொக்கப் புத்தகத்தில் ஒரு பதிவு, வங்கிக் கணக்கில் ஒரு பற்று, எல்லாம் முடிந்தபின் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் எந்தத் தாளிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதிசயம் அவற்றுக்கிடையே உள்ள உறவில் இருக்கிறது. மதிப்பீடு போடுகிறவர் ஒருவர், பொருள் விற்கிறவர் வேறொருவர், பணம் வாங்குகிறவர் மற்றொருவர். வங்கியோ இவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. எம்-புக்கில் 10 கன மீட்டர் கான்கிரீட் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம்-20 தரக் கான்கிரீட்டுக்கு, வழக்கமான கலவை விகிதத்தில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட் வேண்டும். ஆக 80 மூட்டை. சிமெண்ட் பில் 50 மூட்டையோடு நின்றுபோனால், கான்கிரீட் குறைந்திருக்க வேண்டும், அல்லது கலவை மெலிந்திருக்க வேண்டும், அல்லது ஒரு பில் காணாமல் போயிருக்க வேண்டும். பாலம் கட்டும்போது பக்கத்தில் யாரும் நின்று பார்த்திருக்கத் தேவையில்லை. பொய் சொல்ல நினைப்பவர் ஒரு தாளில் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. பத்துத் தாளில், பத்துத் தேதியில், பல பேர் கையெழுத்தில், அதே பொய்யைப் பிசகாமல் சொல்லியாக வேண்டும். பொதுப்பணத்தைக் காக்க மனிதர்கள் கண்டுபிடித்த உத்திகளில் இதைவிட எளிமையானதும் ஆழமானதும் வேறில்லை என்று நினைக்கிறேன்.

இந்தச் சாட்சிகளைக் கூப்பிட்டு ஒன்றோடொன்று மோதவிடுவதுதான் தணிக்கையாளரின் வேலை. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகள் கணக்கு வைப்பதற்கும் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்வதற்கும் மாநிலச் சட்டமன்றம் வழிசெய்யலாம் என்று 243-ஜெ பிரிவு வகுத்தது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளின் கணக்குகளைப் பெரும்பாலும் தணிக்கைக்கெனவே உள்ள துணை வட்டார வளர்ச்சி அலுவலர்கள் பார்க்கிறார்கள். நகராட்சி, மாநகராட்சி போன்றவற்றின் கணக்குகள் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிடம் போகின்றன. தணிக்கை முடிந்ததும் அறிக்கை வரும். அதில் எண்ணிட்ட பத்திகள் இருக்கும். கேள்விக்குரிய செலவு ஒவ்வொன்றும் ஒரு தணிக்கைத் தடை. வவுச்சர் இல்லை, எம்-புக் காட்டப்படவில்லை, முன்பணம் நேர் செய்யப்படவில்லை, சொத்துவரி பாக்கி வசூலாகவில்லை, ஒப்பந்ததாரர் பில்லில் பிடிக்க வேண்டிய வரி பிடிக்கப்படவில்லை. உணர்ச்சியே இல்லாத நடை. இருந்தாலும் "தணிக்கைக்கு முன்வைக்கப்படவில்லை" என்ற இரண்டு சொற்கள் சில அறிக்கைகளில் ஒரு நாவலின் கதையைத் தாங்கி நிற்கும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். தணிக்கைத் தடை என்பது குற்றத் தீர்ப்பு அல்ல. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வரி வசூல் என்று எல்லாவற்றையும் தலையில் சுமக்கும் ஊராட்சிச் செயலர் ஒரு ரசீதை ஒட்ட மறந்தாலும் தடைதான். லட்சக்கணக்கில் பணம் போனாலும் தடைதான். ஊராட்சி பதில் எழுத வேண்டும், ஆவணம் காட்ட வேண்டும். திருப்தியானால் தடை நீங்கும். நீங்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பவையும் உண்டு. இழப்பு யாரால் வந்தது என்று உறுதியானால், அவரிடமிருந்தே வசூலிக்கும் தண்டத்தீர்வை நடவடிக்கை வரை அது போகும்.

கணக்கு காட்டாதவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பதில் இன்றைய சட்டத்தைவிடக் கடுமையானது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பெயர் பெற்றவை. யார் நிற்கலாம் என்பதோடு யார் நிற்கக் கூடாது என்பதையும் அவை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல: தகப்பன், மகன், மருமகன், மாமனார், தாய்மாமன், சிற்றப்பன், பெரியப்பன், சகோதரி கணவன், மனைவியின் உடன்பிறந்தான் என்று உறவுக்காரர்களின் பட்டியல் நீள்கிறது. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. ஊரில் உழைத்த பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கு காட்டுவது என்ற கடமையைக் கோயில் சுவரில், எல்லோர் கண்ணும் படும் கல்லில் வெட்டிவைத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

தணிக்கையாளருக்கு ஓர் இயல்பான குறை உண்டு. அவர் வெளியூர்க்காரர். தாள்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால், பாலமே இல்லாத இடத்திலும் பாலம் இருப்பதாக அவர் நம்ப நேரலாம். ஊர்க்காரருக்கு இதற்கு நேர்மாறான குறை. பாலம் இருக்கிறதா, எந்த மழையில் விரிசல் விட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போனது என்பது தெரியாது. இந்த இரண்டு அறிவும் சந்திக்காதவரை தணிக்கை பாதி வேலைதான்.

இதை அனுமானமாக இல்லாமல் அளந்தே காட்டியவர் பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் அவர் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. கிராமங்களே அரசுப் பணத்தில் சாலை போட்டுக்கொள்ளும் திட்டம் அது. சில கிராமங்களுக்கு மட்டும் 'உங்கள் கணக்கு நிச்சயம் தணிக்கை செய்யப்படும்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. வழக்கமாக அதற்கான வாய்ப்பு 4 சதவீதம்தான். வேறு சில கிராமங்களில் மக்களைப் பெருவாரியாகக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எந்தக் கிராமம் எந்த வகையில் சேர வேண்டும் என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தீர்மானித்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என்னை வியக்க வைத்தது. சாலை போட்டு முடிந்ததும் பொறியாளர்கள் போய் அதைத் தோண்டினார்கள். பல இடங்களில் துளையிட்டு எவ்வளவு கல், மணல், சரளை உண்மையில் கிடக்கிறது என்று அளந்தார்கள். மழையிலும் மண்ணிலும் இயல்பாக எவ்வளவு கரையும் என்று தெரிய வேண்டாமா? அதற்காகத் திருட்டே நடக்காத சின்னச் சோதனைச் சாலைகளைத் தாங்களே போட்டு, அவற்றையும் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளூர்க் கடைகளில் விலை கேட்டார்கள். கூலிக்காரர்களிடம் கூலி கேட்டார்கள். கணக்கில் எழுதிய செலவுக்கும் தரையில் கிடந்த செலவுக்கும் உள்ள இடைவெளிதான் காணாமல் போன பணம். தணிக்கை நிச்சயம் என்று தெரிந்த கிராமங்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது.

மக்களைக் கூட்டத்துக்கு அழைத்த கிராமங்களில் கிடைத்த பலன் சராசரியில் மிகக் குறைவு. இதைப் பார்த்துவிட்டு 'மக்களால் ஆகாது, அதிகாரிதான் வேண்டும்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதே ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது. மக்கள் வந்த கிராமங்களில் கூலிப் பணம் காணாமல் போவது குறைந்தது. பொருள்களுக்கான பணம் குறையவில்லை. தனக்கு எத்தனை நாள் கூலி வந்தது என்பது உழைத்தவருக்குத் தெரியும். எத்தனை லாரி மணல் எழுதப்பட்டது என்பது அவர் கையில் இல்லாத தகவல். தெரிந்ததை மக்கள் காத்தார்கள். தெரியாததைக் காக்க அவர்களுக்கு எம்-புக் வேண்டும்.

பிரேசில் இன்னொரு துண்டைச் சேர்க்கிறது. 2003-இல் அந்நாட்டு அரசு எந்த நகராட்சிகளைத் தணிக்கை செய்வது என்பதைப் பொதுவில் லாட்டரி குலுக்கித் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. அறிக்கைகள் எல்லோரும் பார்க்க வெளியிடப்பட்டன. கிளாடியோ ஃபெராஸ், ஃபிரெடெரிகோ ஃபினான் என்ற இருவர் 2004 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் அறிக்கை வெளியான ஊர்களையும் பின்னால் வெளியான ஊர்களையும் ஒப்பிட்டார்கள். முறைகேடு தெரியவந்த மேயர்கள் மறுபடி வெல்லும் வாய்ப்பு குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் அது இன்னும் அதிகமாகக் குறைந்தது. அதே வானொலி, கை சுத்தமாக இருந்த மேயர்களுக்கு வாக்குகளை ஈட்டியும் தந்தது. அறிக்கை ஒன்றுதான், படிக்கப்பட்ட இடத்தில் அது வேறு பலன் தந்தது.

இந்தியாவில் இந்தப் புரிதல் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. ராஜஸ்தானில் கூலிக்காரர்களிடமிருந்து வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பை அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலானோர் 1990-இல் தொடங்கியபோது, பிரச்சினை குறைந்தபட்சக் கூலி கிடைக்காததுதான். 'நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில். அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணை நடந்தது. எப்படியோ கைக்கு வந்த வருகைப் பட்டியல்களையும் பில்களையும் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி போயிருந்தது அவரவர் வாயாலேயே வெளிவந்தது. தணிக்கையாளரின் தாளும் ஊர்க்காரரின் நினைவும் ஒரே பந்தலில் சந்தித்தன. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அவர்கள் கேட்டது ஊராட்சி அலுவலகத்திலிருந்து பில், வவுச்சர், வருகைப் பட்டியல் ஆகியவற்றின் நகல். இன்று நாடெங்கும் கைக்கொள்ளும் தகவல் உரிமை இந்தச் சிறு தாள்களிலிருந்து முளைத்தது.

மாநிலங்களில் முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடு, 1997-இல். விதிவிலக்குகள் மலிந்த சட்டம் என்பதால் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின்படி அமைந்த தன்னாட்சி அமைப்பு என்ற முறையில் ஊராட்சியும் நகராட்சியும் நேரடியாக இதன் கீழ் வருகின்றன.

இனி நடைமுறை. ஒரு வெள்ளைத்தாள் போதும். பொதுத் தகவல் அலுவலர், இன்ன ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று முகவரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அலுவலருக்குச் சட்டத்தில் அதிகாரம் கிடையாது; காரணம் எழுதவும் வேண்டாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

பலர் வழுக்கி விழும் இடம் கேள்வியின் வடிவம். 'ஏன் இந்தப் பாலம் இப்படி விரிசல் விட்டது, யார் பொறுப்பு?' என்று எழுதினால், பதில் வராது. வர வேண்டியதும் இல்லை. கையில் இருக்கும் தகவலைத் தருவதுதான் கடமை, கருத்தோ விளக்கமோ புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு தேர்வு விடைத்தாள் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்ன நிதியாண்டுக்கான தணிக்கை அறிக்கையின் நகல். அதிலுள்ள தடைகளுக்கு ஊராட்சி அனுப்பிய பதில்களின் நகல். நிலுவையில் உள்ள தடைகளின் பட்டியல், பத்தி எண்ணோடும் தொகையோடும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் எங்கே தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் எம்-புக், பில், வவுச்சர், வேலை உத்தரவு கேட்கலாம். பக்கத்துக்கு 2 ரூபாய்.

எடுத்த எடுப்பிலேயே பத்தாண்டு வவுச்சர்களையும் கேட்பவர்களுக்கு என் வேண்டுகோள்: அப்படிச் செய்யாதீர்கள். அது அலுவலகத்தை முடக்கும், மறுப்பதற்கு ஒரு காரணத்தையும் கொடுக்கும். நேரில் போய்ப் பார்வையிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. புரட்டிப் பார்த்து, குறிப்பெடுத்து, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்கலாம். இன்னும் ஒரு படி மேலே போய், வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜாவாவில் ஆய்வாளர்கள் சாலையைத் தோண்டிச் செய்ததை, இந்தியாவில் ஒரு குடிமகன் 10 ரூபாய் மனுவில் கேட்க முடியும். இந்த வரியைச் சட்டத்தில் சேர்த்தவர்களைப் பல முறை நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

மனு போடும் முன் ஒரு தடவை இணையத்தையும் பார்த்துவிடுவது நல்லது. ஊராட்சிகளின் வரவு செலவைக் காட்டும் இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020 முதல் இருக்கிறது. தணிக்கை அறிக்கைகளுக்கு ஆடிட் ஆன்லைன் என்ற தளம். கணக்கைப் பொதுவெளியில் வைத்தால்தான் மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டதால் இவற்றில் சேரும் தகவல் கூடியிருக்கிறது. ஆனால் அங்கே தெரிவது பெரும்பாலும் தொகைகள். எம்-புக்கின் அளவுகளுக்கு மனுதான் வழி.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகப் பொருள். அதன்பின் தரும் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்திடம். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது. நியாயமின்றித் தாமதித்தால் அவர் கையிலிருந்தே நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதும், அபராதம் அரிதாகவே விதிக்கப்படுவதும் உண்மை. இது இந்தச் சட்டத்தின் பெரிய வேதனை.

'கோப்பு கிடைக்கவில்லை' என்ற பதில் அடிக்கடி வரும். சட்டம் அனுமதிக்கும் விலக்குகளின் பட்டியலில் காணாமல் போன கோப்பு என்று ஒன்று இல்லை. அப்படிச் சொன்னால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியது. அதோடு, தணிக்கை அறிக்கை ஒரே இடத்தில் இருக்கும் தாள் அல்ல. ஊராட்சியில் ஒன்று, தணிக்கை செய்த அலுவலகத்தில் ஒன்று, மேலதிகாரியின் கோப்பில் ஒன்று என்று அது பல வீடுகளில் வாழ்கிறது. ஒரு கதவு சாத்தியிருந்தால் மாவட்டத்தில் ஊரக வளர்ச்சித் துறையின் தணிக்கைப் பிரிவுக்கு மனு போடலாம்.

புதிதாக வந்த தடை தனியுரிமை. பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்றிருந்த பிரிவை, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாக்கிவிட்டது. 2025 நவம்பரில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. கூலிப் பட்டியலில் பெயர் இருக்கிறது, வவுச்சரில் ஒப்பந்ததாரர் பெயர் இருக்கிறது. பெயர்களை மறைத்திருந்தால் கோட் கிரானாவில் நடந்தது நடந்திருக்காது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற, தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, பொதுப்பணச் செலவு சம்பந்தப்பட்டது என்று எழுதிவிடுவது நல்லது.

இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் வேலை உறுதித் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை நடந்த நாள்களில், அதற்கு உழைத்த லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். ஊராட்சிக் கணக்கைக் கேட்பவர் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், கேட்கப்படுபவர் எதிர்வீட்டுக்காரர் என்ற நிலையில் தனி ஒருவராக நிற்க வேண்டாம். நான்கைந்து பேர் தனித்தனியாக அதே மனுவைப் போடலாம். கிடைத்த நகலை ஒருவர் வீட்டுப் பெட்டியில் வைக்காமல் உடனே பலர் கைக்குப் போகும்படி செய்யலாம். தகவல் பரவிவிட்டால் ஒருவரை மிரட்டுவதில் பயன் குறைவு.

பரப்புவதற்குச் சட்டமே அமைத்துத் தந்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்பட வேண்டியவை. பல ஊர்களில் மொத்தத் தொகையை வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். நகல் கையில் இருப்பவர், 'பத்தி எண் ஏழில் வடக்குத் தெருச் சிறுபாலத்துக்கு எம்-புக் முன்வைக்கப்படவில்லை என்று இருக்கிறதே, தலைவரே, அதற்குப் பதில் அனுப்பியாயிற்றா?' என்று மரியாதையோடு கேட்கலாம். அந்தப் பாலத்தைத் தினமும் கடப்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். குழாய் எத்தனை, சுவர் எவ்வளவு உயரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஆண்டு தணிக்கையாளர் வரும்போது அவர் மேசைக்குப் போகும் பதிவேடுகளில் அந்தத் தீர்மானப் புத்தகமும் ஒன்று.